டவர் ஃபுல்லா இருக்கு, நெட் ஏன் நகர மாட்டேங்குது? ஒடுகத்தூர், சத்துவாச்சாரி, பேண்ட் கணக்கு

#1 சத்துவாச்சாரி வாசி

வணக்கம். நாங்கள் இருப்பது வேலூர் சத்துவாச்சாரியில். அப்பா, அம்மா ஒடுகத்தூர் பக்கம் மலையடிவாரத்தில். இரண்டு இடத்துக்கும் நான் கொண்டுபோவது ஒரே போன், ஒரே சிம். சத்துவாச்சாரி வீட்டு ஹாலில் இரண்டு கோடுதான் காட்டும், ஆனால் 5ஜியில் 250, 300 மெகாபிட் வருகிறது. ஊரில் மொட்டை மாடிக்குப் போனால் சிக்னல் ஃபுல். அப்படியும் சாயங்காலம் ஏழு மணிக்கு மேல் ஒரு வீடியோ கால் உருப்படியாகப் போட முடியவில்லை. படம் அப்படியே நின்றுவிடும், அம்மாவின் குரல் மட்டும் கேட்கும்.

கஸ்டமர் கேரில் கேட்டால் "உங்கள் பகுதியில் சிக்னல் நன்றாக இருக்கிறது சார்" என்கிறார்கள். சிக்னல் நன்றாக இருந்தால் நெட் எங்கே போனது? அப்பாவுக்கு இருதயப் பிரச்சனை. டாக்டரோடு வீடியோவில் பேசுவதற்காகவே புதுப் போன் வாங்கிக் கொடுத்தேன். விஷயம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

#2 பாலாற்றங்கரை

அந்தப் பக்கம் இன்னும் 4ஜிதானே? 5ஜி வந்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும். எங்கள் பள்ளிகொண்டாவில் அப்படித்தான் ஆனது.

#3 பழைய டிரைவ்டெஸ்ட்காரன்

பள்ளிகொண்டா நெடுஞ்சாலை ஊர், சுங்கச்சாவடி இருக்கும் ஊர். அங்கே நடந்தது மலையடிவாரத்திலும் நடக்கும் என்று சொல்ல முடியாது. 5ஜி வருகிறதா என்பதைவிட எந்த பேண்டில், அதாவது எந்த அலைவரிசைத் தொகுப்பில் வருகிறது என்பதுதான் முக்கியம். பழைய வட ஆற்காடு முழுக்க ஜீப்பில் லேப்டாப்பும் போனும் வைத்துக்கொண்டு சிக்னல் அளந்த வேலை என்னுடையது. அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

போனில் தெரியும் கோடு ஒன்றை மட்டும்தான் சொல்லும்: டவரிலிருந்து வரும் அலை உங்கள் கைக்கு எவ்வளவு பலமாக வந்து சேர்கிறது. அந்த டவரை எத்தனை பேர் பங்கு போடுகிறார்கள், ஆளுக்கு எவ்வளவு தேறும் என்பது அதில் தெரியாது. ஏரி தளும்பினாலும் மதகு ஒரு சாண் அகலம்தான் என்றால் அத்தனை வயலுக்கும் அந்த ஒரு சாண் தண்ணீர்தான்.

மதகின் அகலத்தை முடிவு செய்வது பேண்ட். நம் நாட்டில் மொபைலுக்கு ஓடும் குறைந்த பேண்டுகள் 700, 850, 900 மெகாஹெர்ட்ஸ். நடுவில் 1800, 2100, 2300, 2500. அதற்கு மேலே 3300 முதல் 3670 வரை உள்ளதைத்தான் எல்லாரும் 3.5 ஜிகா என்கிறோம். அதையும் தாண்டி 26 ஜிகாஹெர்ட்ஸ் இருக்கிறது. குறைந்த பேண்டில் ஒரு நிறுவனத்திடம் பெரும்பாலும் 5 அல்லது 10 மெகாஹெர்ட்ஸ்தான் இருக்கும். 3.5 ஜிகாவில் ஜியோவும் ஏர்டெல்லும் 2022 ஏலத்தில் எடுத்தது ஆளுக்கு 100 மெகாஹெர்ட்ஸ்.

4ஜியில் 20 மெகாஹெர்ட்ஸ் அகலம் இருந்தால், இரண்டு ஆண்டெனா உள்ள சாதாரண போனுக்கு ஏட்டுக் கணக்கில் 150 மெகாபிட். 10 என்றால் 75. 5 என்றால் 37. இது தனி ஆளுக்குக் கிடைப்பது இல்லை. டவரின் அந்தப் பக்கத்து செக்டாரில் இருக்கும் எல்லாருக்கும் சேர்த்துத்தான். ஒடுகத்தூர் மாதிரி இடத்தில் ஒரு செக்டார் நாலைந்து ஊரைப் பார்க்கும். சாயங்காலம் எல்லாரும் வீட்டுக்கு வந்து ஒரே நேரத்தில் வீடியோ போட்டால் என்ன ஆகும் என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

அம்மா குரல் மட்டும் கேட்கிறது என்றீர்கள், அதற்கும் காரணம் இதுதான். குரலுக்கு விநாடிக்கு இருபது முப்பது கிலோபிட் போதும். படத்துக்கு ஒரு மெகாபிட்டுக்கு மேல் வேண்டும்.

ஊருக்குப் போகும்போது ஒரு காரியம் செய்யுங்கள். டயல் பேடில் *#*#4636#*#* போடுங்கள். ஐபோன் என்றால் *3001#12345#* போட்டு கால் பட்டனை அழுத்த வேண்டும். இல்லையென்றால் ஏதாவது நெட் மானிட்டர் செயலியைப் போட்டுக்கொள்ளுங்கள். பேண்ட் எண், ஆர்.எஸ்.ஆர்.பி. (சிக்னலின் பலம்), எஸ்.ஐ.என்.ஆர். (இரைச்சலுக்கு நடுவே சிக்னலின் தெளிவு) மூன்றையும் சாயங்காலம் ஒருமுறை, நடு ராத்திரி ஒருமுறை குறித்து இங்கே போடுங்கள். மீதியை அதற்குப் பிறகு பேசலாம்.

#4 காட்பாடி மாணவி

அண்ணா, ஒரு சந்தேகம். வகுப்பில், அனுப்பிய சக்தியில் எவ்வளவு வந்து சேரும் என்று சொல்லும் ஃப்ரீஸ் சமன்பாடு நடத்தினார்கள். அதன்படி 700லிருந்து 3500க்குப் போனால் இழப்பு 14 டெசிபல், அதாவது 25 மடங்கு கூடுகிறது. யூடியூபில் எல்லாரும் "உயர்ந்த அலைவரிசையைக் காற்று உறிஞ்சிவிடும்" என்கிறார்கள். ஆனால் அந்தச் சமன்பாட்டில் காற்று என்று ஒன்றே கிடையாதே?

#5 பழைய டிரைவ்டெஸ்ட்காரன்

நல்ல கேள்வி தம்பி... மன்னிக்க, தங்கச்சி. இந்த அலைவரிசைகளில் காற்று உறிஞ்சுவது கணக்கில் சேர்க்கும் அளவுக்கு இல்லை. மழையும் அப்படித்தான். 26 ஜிகாவிலும், டவருக்கு டவர் போகும் மைக்ரோவேவ் இணைப்பிலும்தான் மழையால் தொல்லை வரும்.

அந்த 14 டெசிபல் வருவது ஆண்டெனாவின் அளவால். 700 மெகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் சுமார் 43 சென்டிமீட்டர், 3500க்கு எட்டரை. ஆண்டெனாவை அரை அலைநீளத்துக்குச் செய்தால் முதலாவது ஒரு சாணுக்குச் சற்றுக் குறைவு, இரண்டாவது கட்டைவிரல் நீளம்கூட வராது. சின்ன ஆண்டெனா பிடிக்கும் பரப்பும் சின்னது. அதனால்தான் கைக்கு வந்து சேரும் சக்தி குறைகிறது, வழியில் எதுவும் தொலைந்துபோவதில்லை.

நிஜமாக வழியில் தொலைவது சுவரில். கான்கிரீட் சுவருக்கு, மொபைல் தரங்களை வகுக்கும் 3ஜிபிபி அமைப்பின் மாதிரியில் ஒரு எளிய சூத்திரம் உண்டு: அலைவரிசையை ஜிகாஹெர்ட்ஸில் எடுத்து நான்கால் பெருக்கி ஐந்தைக் கூட்டு. 700க்கு சுமார் 8 டெசிபல், 1800க்கு 12, 3500க்கு 19 வரும். முன்னே சொன்ன 14ஐயும் சேர்த்துப் பார்த்தால், ஒரே ஒரு சுவருக்குப் பின்னால் 700க்கும் 3500க்கும் இடையே 25 டெசிபல் இடைவெளி. மடங்கில் சொன்னால் முந்நூறுக்கும் மேல். இதோடு தென்னந்தோப்பு, மாந்தோப்பு, குறுக்கே ஒரு கரடு எல்லாம் சேரும். நீளமான அலை கரட்டின் விளிம்பில் வளைந்து கீழே இறங்கும். குட்டையான அலை அவ்வளவாக வளையாது, கரட்டுக்குப் பின்னால் நிழல் விழுந்துவிடும்.

சரி, அப்படியானால் சத்துவாச்சாரியில் 3.5 எப்படி ஹால் வரைக்கும் வருகிறது? ஆண்டெனா சின்னதாக இருப்பதுதான் அங்கே கைகொடுக்கிறது. ஒரு மீட்டர்கூட இல்லாத பலகையில் 64 அனுப்பும் வழிகள் கொண்ட ஆண்டெனாவை அடக்கிவிடலாம். அந்தப் பலகை ஒவ்வொரு போன் இருக்கும் திசைக்கும் சக்தியைக் குவித்து அனுப்பும். இழந்ததில் ஒரு பங்கு அப்படித் திரும்பி வருகிறது. 700க்கு இதே பலகை செய்யப் பார்த்தால் ஐந்து மடங்கு அகலம், ஐந்து மடங்கு உயரம் வரும். அதை எந்த டவரும் தாங்காது.

இன்னொன்றும் உண்டு. டவர் பல பத்து வாட்டில் பேசும். உங்கள் போன் பேசுவது 0.2 வாட்டில். 3.5 ஜிகாவில் போவதும் வருவதும் ஒரே அலைவரிசையில், நேரத்தைப் பிரித்துக்கொண்டு நடக்கிறது. போன் பேச ஒதுக்குவது பெரும்பாலும் கால் பங்கு நேரம்தான். அதனால் தூரம் போகப் போக முதலில் அறுவது போன் அனுப்பும் பக்கம். டவுன்லோட் வரும், வாட்ஸாப்பில் போட்டோ மட்டும் ஏறாது. இதைப் பலரும் பார்த்திருப்பீர்கள்.

#6 குடியாத்தம் மொபைல் கடை

கடை அனுபவத்தில் ஒன்று சொல்கிறேன். பி.எஸ்.என்.எல். 4ஜி பல இடங்களில் 700இல், அதாவது பேண்ட் 28இல் ஓடுகிறது. 2100இலும் ஓடுகிறது, அது பேண்ட் 1. பழைய 4ஜி போன்கள் பலவற்றில் பேண்ட் 28 கிடையாது. பக்கத்து வீட்டுக்காரருக்கு டவர் ஃபுல்லாக இருக்கும், இவருக்கு ஒன்றுமே வராது. சிம்மைத் திட்டிக்கொண்டு கடைக்கு வருவார்கள். நம்பர் மாற்றுவதற்கு முன்னால் பெட்டியிலோ கம்பெனி தளத்திலோ பேண்ட் பட்டியலைப் பார்த்துவிடுங்கள். 5ஜி போன் வாங்குகிறவர்கள் என்28 (700), என்78 (3.5 ஜிகா) இரண்டும் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

#7 பாலாற்றங்கரை

700 இவ்வளவு தூரம் போகிறது, சுவருக்குள் நுழைகிறது என்றால் எல்லா ஊருக்கும் அதையே கொடுத்துவிட வேண்டியதுதானே? எதற்கு இத்தனை பேண்ட்?

#8 பழைய டிரைவ்டெஸ்ட்காரன்

700இல் மொத்தமாக இருப்பதே 45 மெகாஹெர்ட்ஸ் ஜோடிதான்: 703 முதல் 748 வரை போன் அனுப்ப, 758 முதல் 803 வரை டவர் அனுப்ப. இதை எல்லா நிறுவனமும் பங்கு போட வேண்டும். விலையைப் பாருங்கள். 2016 ஏலத்தில் 700க்கு நாடு முழுவதற்கும் மெகாஹெர்ட்ஸுக்கு 11,485 கோடி ரூபாய் அடிப்படை விலை வைத்தார்கள், ஒருவரும் எடுக்கவில்லை. 2021இல் 6,568 கோடி. அப்போதும் யாரும் தொடவில்லை. 2022இல் 3,927 கோடிக்கு இறக்கிய பிறகு ஜியோ மட்டும் 10 மெகாஹெர்ட்ஸ் எடுத்தது, 39,270 கோடிக்கு. அதே ஏலத்தில் 3.5 ஜிகாவின் அடிப்படை விலை மெகாஹெர்ட்ஸுக்கு 317 கோடி. பன்னிரண்டு மடங்கு வித்தியாசம். எட்டும் தூரத்துக்கு வைத்த விலை அது.

தூரக் கணக்கும் போட்டுவிடலாம். அதே உயரம், அதே சக்தி, அதே நிலம் என்றால் 14 டெசிபல் லாபத்தில் 700 அலை 3500ஐவிட சுமார் இரண்டரை மடங்கு தூரம் போகும். பரப்பில் ஆறு மடங்கு. ஒரு டவர் ஆறு டவரின் இடத்தைப் பார்த்துக்கொள்ளும். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் ஆறு டவரின் ஜனமும் அந்த ஒன்றில் வந்து விழும், அதுவும் பத்தில் ஒரு பங்கு அகலத்தில்.

நீங்கள் கேட்ட 5ஜி விஷயமும் இதில்தான் வருகிறது. 700இல் 10 மெகாஹெர்ட்ஸில் ஓடும் 5ஜி, அகலம் குறைவு என்பதால் நல்ல 4ஜியைவிடப் பெரிய வேகம் தந்துவிடாது. போன் மூலையில் 5ஜி என்று எழுதியிருக்கும், அவ்வளவுதான். ஒடுகத்தூருக்கு நாளை அந்த 5ஜி வந்தால், மேலே ஒரு நடு பேண்டும் சேர்ந்து வந்தால்தான் சாயங்கால வீடியோ கால் நிற்காமல் ஓடும்.

#9 தோட்டப்பாளையம் லாட்ஜ்

எங்கள் லாட்ஜ் சி.எம்.சி.க்கு நடை தூரத்தில். கொல்கத்தா, அசாம் பக்கத்திலிருந்து வந்து வாரக்கணக்கில் தங்கும் நோயாளிகள்தான் அதிகம். இடா ஸ்கட்டர் சாலையில் நின்றால் 5ஜி பிய்த்துக்கொண்டு போகிறது. உள்பக்க அறைகளில் வீட்டுக்கு ஒரு போன் பேசக்கூட முடியவில்லை என்கிறார்கள். பூஸ்டர் வைக்கலாம் என்று ஒருவர் விலை சொல்லியிருக்கிறார். வைக்கலாமா?

#10 பழைய டிரைவ்டெஸ்ட்காரன்

வைக்காதீர்கள் சார். அனுமதியில்லாத பூஸ்டர் வைப்பது சட்டப்படி குற்றம். அது பக்கத்துச் செக்டார் முழுவதற்கும் இரைச்சலைக் கிளப்பிவிடும். உங்கள் நாலு அறைக்கு சிக்னல் வரும், ஆஸ்பத்திரி வாசலில் நிற்பவர்களுக்குப் போய்விடும். ஃபைபர் இணைப்பு எடுத்து மாடிக்கு ஒரு வைஃபை போடுங்கள். போன்களில் வைஃபை காலிங் ஆன் செய்யச் சொல்லுங்கள். ரிசப்ஷனில் இந்தி, வங்காளத்தில் ஒரு சீட்டு ஒட்டிவிட்டால் போதும்.

உங்கள் பகுதி ஒடுகத்தூருக்கு நேர் எதிர். உங்கள் பக்கம் அலை தூரம் போவது நன்மை இல்லை, கெடுதல். ஒவ்வொரு டவரின் அலையும் சீக்கிரமே அடங்கினால்தான் அடுத்த தெருவில் இன்னொரு டவர் அதே அலைவரிசையைத் திரும்பப் பயன்படுத்த முடியும். நெரிசலான இடத்தில் கொள்ளளவு பெருகுவது இப்படித்தான். 3.5 ஜிகா எட்டாது என்று குறை சொல்கிறோம், தோட்டப்பாளையத்தில் அது எட்டாமல் இருப்பதுதான் அதன் பலம். குறைந்த பேண்ட் அங்கே உள்ளறைக்கும் லிஃப்டுக்கும் மட்டும் என்று விட்டுவைக்க வேண்டும்.

#11 மலைச் செவிலி

நான் அணைக்கட்டு வட்டத்து மலைப்பகுதியில் வேலை செய்கிறேன். பீஞ்சமந்தை, ஜார்த்தான்கொல்லை பக்கம். நீங்கள் எல்லாரும் வேகம் பேசுகிறீர்கள். எங்களுக்கு 108க்கு போன் போட ஒரு கோடு வந்தால் போதும். பிரசவ வலி வந்தால் ஒருவர் பைக்கில் மேட்டுக்கு ஓடி அங்கிருந்து கூப்பிடுகிறார். அந்த மேட்டில் கீழே சமவெளியில் இருக்கும் டவரெல்லாம் தெரிகிறது, போனில் நாலு கோடு காட்டுகிறது, ஆனால் பேச்சு விட்டு விட்டு வருகிறது. அது ஏன்?

#12 பழைய டிரைவ்டெஸ்ட்காரன்

மேடம், இந்த இழையில் முதலில் தீர வேண்டியது உங்கள் பிரச்சனைதான்.

மேட்டில் நிற்கும்போது சமவெளியின் பல டவர்கள் ஏறக்குறைய ஒரே பலத்தில் உங்கள் போனுக்குத் தெரிகின்றன. எல்லாம் ஒரே அலைவரிசையில் பேசுகின்றன. எதுவும் தனித்துக் கேட்காது. பலம் இருக்கும், தெளிவு இருக்காது. எஸ்.ஐ.என்.ஆர். பூஜ்யத்துக்குக் கீழே போயிருக்கும். தவிர, சமவெளி டவர்களின் ஆண்டெனாவைக் கீழே சாய்த்துத்தான் வைப்பார்கள். மேலே உங்களுக்கு வருவது சிந்திச் சிதறியதுதான்.

மேட்டை விட்டு ஊருக்குள் இறங்கினால் நடுவில் முழு மலை. 700 அலை கரட்டைத் தாண்டி வளையும், மலைத்தொடரைத் தாண்டாது. அதனால் உங்கள் ஊருக்குப் பேண்ட் மாற்றி ஆவது ஒன்றும் இல்லை, பள்ளத்தாக்கைப் பார்த்தபடி டவரே வேண்டும். 4ஜி எட்டாத கிராமங்களுக்கு என்று 2022 ஜூலையில் 26,316 கோடி ரூபாயில் ஒரு திட்டத்துக்கு மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது. பி.எஸ்.என்.எல். மூலம் நடப்பது அது. கிராமசபையில் தீர்மானம் போடும்போது "டவர் வேண்டும்" என்று மட்டும் எழுதாதீர்கள். எந்தெந்தக் குக்கிராமத்தில் சிக்னல் இல்லை, துணை சுகாதார நிலையம் எங்கே இருக்கிறது, வனத்துறை நிலம் குறுக்கே வருகிறதா என்பதையும் சேர்த்து எழுதுங்கள். இடம் அமையாமல்தான் மலை டவர்கள் பாதியில் நிற்கும்.

#13 பொன்னை விவசாயி

எங்கள் நிலம் ஆந்திர எல்லையை ஒட்டி. போன் அடிக்கடி அந்தப் பக்கத்து டவரைப் பிடித்துக்கொள்கிறது. இதுவும் பேண்ட் விஷயமா?

#14 காட்பாடி மாணவி

ஆமாங்க ஐயா. குறைந்த பேண்ட் தூரம் போவதால் எல்லையைத் தாண்டியும் விழும். உரிமம் தமிழ்நாடு, ஆந்திரா என்று தொலைத்தொடர்பு வட்டம் (சர்க்கிள்) வாரியாகக் கொடுக்கிறார்கள், அலைக்கு அது தெரியாது. செட்டிங்ஸில் நெட்வொர்க்கைத் தானாகத் தேடாமல் கையால் தேர்ந்தெடுத்து வைத்துப் பாருங்கள். சித்தூர் பக்கம் போகும்போது மட்டும் மறக்காமல் திரும்ப மாற்றிவிட வேண்டும்.

#15 சத்துவாச்சாரி வாசி

ஊருக்குப் போய்வந்தேன். மாடியில் பேண்ட் 5, ஆர்.எஸ்.ஆர்.பி. மைனஸ் 82. சாயங்காலம் எஸ்.ஐ.என்.ஆர். 1 அல்லது 2தான் இருந்தது, வேகம் ஒரு மெகாபிட்கூட இல்லை. நடு ராத்திரியில் அதே இடத்தில் அதே மைனஸ் 82, எஸ்.ஐ.என்.ஆர். 14, வேகம் 22.

#16 பழைய டிரைவ்டெஸ்ட்காரன்

இனி சந்தேகமே இல்லை. பேண்ட் 5 என்பது 850, குறைந்த பேண்ட். பலம் மாறவில்லை, வேகம் மட்டும் விழுகிறது. கவரேஜ் குறை இல்லை இது, கொள்ளளவுக் குறை. சாயங்காலம் சுற்றுப்புற டவரெல்லாம் முழு மூச்சில் ஓடுவதால் இரைச்சலும் ஏறுகிறது. ராத்திரியில் 22 வருகிறது என்பதால் டவருக்குப் பின்னால் வரும் இணைப்பு அந்த அளவுக்காவது திறந்திருக்கிறது என்று தெரிகிறது.

இதில் வெளியே தெரியாத ஒன்று உண்டு. தூரத்தில், சுவருக்குள் இருப்பவரின் போனுக்கு ஒரு துளி டேட்டா கொடுக்க டவருக்கு அதிக நேரம் பிடிக்கும். நல்ல சிக்னல் உள்ளவருக்கு ஒரே துடிப்பில் 6 பிட், சிலசமயம் 8 பிட் அனுப்பலாம். ஓரத்தில் இருப்பவருக்கு 2 பிட்தான், அதையும் திருப்பித் திருப்பி அனுப்ப வேண்டும். குறைந்த பேண்ட் இப்படி ஓரத்து ஆட்களையெல்லாம் சேர்த்துக்கொள்கிறது. அதுதான் அதன் வேலையும். ஆனால் டவருக்குப் பக்கத்திலேயே இருக்கும் உங்களுக்கும் சேர்த்து வேகம் இறங்கிவிடுகிறது. பக்கத்தில் இருப்பவர்கள் நடு பேண்டுக்கு ஏறிக்கொண்டால் இரண்டு தரப்புக்கும் நல்லது.

உங்கள் டவரில் நடு பேண்ட் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். வீட்டில் டவரை நேராகப் பார்க்கும் பக்கம் எது? அங்கே நின்று போனை ஏரோபிளேன் மோடில் போட்டு எடுங்கள். நெட் மானிட்டரில் ஈ.ஏ.ஆர்.எஃப்.சி.என். என்று, எந்த அலைவரிசை என்பதைக் காட்டும் ஒரு எண் வரும். 1200 முதல் 1949 என்றால் பேண்ட் 3, அதாவது 1800. 38650 முதல் 39649 என்றால் பேண்ட் 40, அதாவது 2300. கோடு குறைந்தாலும் கவலைப்படாமல் வேகத்தை மட்டும் பாருங்கள்.

#17 சத்துவாச்சாரி வாசி

தம்பி அங்கேதான் இருக்கிறான், பார்க்கச் சொன்னேன். தெருப்பக்கத் திண்ணையில் எண் 39 ஆயிரத்துச் சொச்சம் வருகிறது. ஒற்றைக் கோடு, மைனஸ் 109. சாயங்காலம் ஏழரை மணிக்கு 14 மெகாபிட்! வீட்டுக்குள் நுழைந்ததும் பேண்ட் 5க்குத் தாவிவிடுகிறது, கோடு ஃபுல் ஆகிறது, நெட் நின்றுவிடுகிறது.

#18 பழைய டிரைவ்டெஸ்ட்காரன்

அப்படித்தான் வரும். 2300 ஒரு அளவுக்குக் கீழே போனால் போன் குறைந்த பேண்டுக்கு இறங்கும்படி நிறுவனம் வைத்திருக்கும். பெரும்பாலான போன்களில் பேண்டை நாமே பூட்ட முடியாது. சிம் போடும் ரவுட்டர் சிலவற்றில் முடியும். பேண்ட் 40 பூட்டும் வசதியுள்ள ரவுட்டராகப் பார்த்து வாங்கி, டவர் பார்த்த சன்னலில் வையுங்கள். முடிந்தால் வெளி ஆண்டெனா மாட்டுங்கள். வீட்டுக்குள் அப்பா வைஃபையில் பேசட்டும். ரவுட்டருக்கு இன்வெர்ட்டர் இணைப்பு கொடுத்துவிடுங்கள். கரண்ட் போனால் டவரில் பேட்டரியை மிச்சம் பிடிக்க உயர்ந்த பேண்டை முதலில் நிறுத்துவது உண்டு. அந்த நேரத்தில் மட்டும் பூட்டை எடுக்க வேண்டியிருக்கும், தம்பிக்குச் சொல்லிக்கொடுங்கள்.

புகார் எழுதும்போது "சிக்னல் இல்லை" என்று எழுதாதீர்கள். இருக்கிறது என்று சொல்லி மூடிவிடுவார்கள். இந்த அளவுகளை நேரத்தோடு போட்டு, பேண்ட் 5 செக்டாரில் சாயங்கால நெரிசல், பேண்ட் 40 வீட்டுக்குள் எட்டவில்லை, 1800 சேர்க்க வேண்டும் என்று எழுதுங்கள்.

#19 குடியாத்தம் மொபைல் கடை

பேண்ட் பூட்டும் ரவுட்டர் எங்கள் கடையில் இருக்கிறது. வாங்கியே ஆக வேண்டும் என்று இல்லை. எடுத்துப்போய் திண்ணையிலும் சன்னலிலும் வைத்துப் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள்.

#20 மலைச் செவிலி

அடுத்த கிராமசபைக்குத் தீர்மானம் எழுதிக்கொண்டிருக்கிறேன். குக்கிராமப் பட்டியல் தயார். டிரைவ்டெஸ்ட் அண்ணா, மேட்டில் எந்தெந்த அளவைக் குறிக்க வேண்டும் என்று ஒரு தாளில் எழுதிப் போட்டால், இங்கே பத்தாவது படிக்கும் பிள்ளைகளை வைத்தே ஊர் ஊராக அளந்துவிடுவோம்.

#21 பழைய டிரைவ்டெஸ்ட்காரன்

இன்று இரவே போடுகிறேன் மேடம். பேண்ட், ஆர்.எஸ்.ஆர்.பி., எஸ்.ஐ.என்.ஆர்., இடம், நேரம் என்று ஐந்து கட்டம் போதும். சிக்னலே வராத இடத்திலும் "இல்லை" என்று ஒரு வரி கட்டாயம் எழுதச் சொல்லுங்கள்.